பரண்மேல் ஒரு முதற் பதிப்பு!

உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்து எத்தனை நாளாயிற்று? கொலுப் பொம்மைப் பெட்டி, ஈயம் போன பித்தளைப் பாத்திரங்கள், யாரோ எப்போதோ வாங்கிய பிரம்புத் தொட்டில்... இவற்றுக்கெல்லாம் பின்னால், சுவரோரமாக, காலிகோ அட்டை போட்ட தடித்த புத்தகங்கள் சில இருக்கின்றனவா? பிரித்தால் உள்ளே அச்சிட்ட புத்தகம் இராது. வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதை இருக்கும். ஓரங்கள் பழுப்பேறியிருக்கும். இடையிடையே தலைவலித் தைல விளம்பரம் எட்டிப் பார்க்கும்.

இருந்தால் நீங்கள் பாக்கியசாலி! "இந்தக் குப்பையா?" என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். அது என்ன சரக்கு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் கொஞ்சம் கடல் கடந்து போய்விட்டு வருவோம், வாருங்கள்.

மேல்நாட்டுப் பித்து

நாம் பட்டுப் புடவையைப் பெட்டியில் பூட்டி வைப்பதுபோல், மேல்நாடுகளில் நாவல்களைப் பூட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த நாவலும் அவர்களுக்கு ஆகாது. முதற் பதிப்பாக இருக்க வேண்டும். அதிலும் முதல் அச்சாக இருக்க வேண்டும். மேலுறைத் தாள் கிழியாமல் இருக்க வேண்டும். ஆசிரியரின் கையொப்பமும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

மேலுறைத் தாளுக்கு இத்தனை மதிப்பா என்று கேட்கிறீர்களா? அமெரிக்க ஆசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' 1925-இல் வெளியாயிற்று. நீல வானத்தில் ஒரு பெண்ணின் கண்கள் மிதக்கும் மேலுறை அதற்கு உண்டு. உறையுடன் கூடிய முதற் பதிப்புக்கும் உறையில்லாத முதற் பதிப்புக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! வாங்கியவர்கள் அன்றைக்கே உறையைக் கழற்றி எறிந்துவிட்டார்கள், மிஞ்சியது கொஞ்சம். அதனால்தான் அந்த விலை. 1997-இல் லண்டனில் வெளியான முதல் ஹாரி பாட்டர் கதையைப் பாருங்கள். கெட்டி அட்டைப் பதிப்பு முதலில் 500 பிரதிகளே அச்சாயிற்று. அவற்றில் பெரும்பாலானவை நூலகங்களுக்குப் போய், குழந்தைகள் கைபட்டு நைந்தன. நையாமல் தப்பியதைத் தேடி இன்று பெரிய மனிதர்கள் ஏலக் கடையில் காத்திருக்கிறார்கள்.

வேறொரு வகையும் உண்டு. "இத்தனை பிரதிகள்தாம் அச்சிடுவோம், ஒவ்வொன்றிலும் எண் போடுவோம், ஆசிரியர் கையொப்பம் இடுவார்" என்று முன்கூட்டியே சொல்லி வெளியிடுவது. இதற்கு வரையறுத்த பதிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். இந்தக் கதையில் பெண்களுக்கு முக்கியமான இடம் உண்டு என்பதுதான் நமக்கு விசேஷம்.

பாரிஸ் நகரத்தில் ஸில்வியா பீச் என்ற அமெரிக்க மாது 1919-இல் ஒரு சின்னப் புத்தகக் கடை வைத்தார். புத்தகங்களை வாடகைக்கும் கொடுப்பார். ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற ஐரிஷ் எழுத்தாளரின் 'யுலிஸிஸ்' நாவலை வெளியிட எந்தப் பதிப்பாளரும் துணியாதபோது, "நான் போடுகிறேன்" என்று முன்வந்தார் அந்த அம்மாள். பதிப்புத் தொழிலில் அவருக்கு முன்அநுபவம் கிடையாது. வாங்குகிறவர்களிடம் முன்னதாகவே பெயர் பதிவு செய்துகொண்டு 1,000 பிரதிகள் அச்சிட்டார். அவற்றில் 100 மட்டும் டச்சு நாட்டுக் கைத்தயாரிப்புக் காகிதத்தில், ஜாய்ஸின் கையொப்பத்துடன். 1922 பிப்ரவரி 2-ஆம் தேதி, ஆசிரியரின் நாற்பதாவது பிறந்த நாளன்று, முதல் பிரதி அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று உலகத்துப் புத்தகப் பித்தர்களுக்கெல்லாம் கனவுப் பொருள் அந்த நூறு பிரதிகள்தாம்.

ஆங்கில நாவலாசிரியை வர்ஜினியா வுல்ஃப் எழுதிய 'ஆர்லண்டோ' 1928-இல் நியூயார்க்கில் 861 பிரதிகள் கொண்ட வரையறுத்த பதிப்பாக முதலில் வந்தது. எல்லாவற்றிலும் அவருடைய கையொப்பம், அதுவும் ஊதா மையில்! சில நாட்களுக்குப் பிறகுதான் லண்டனில் சாதாரணப் பதிப்பு வெளியாயிற்று. 861 தடவை கையெழுத்துப் போட்ட கை அன்றிரவு என்ன பாடு பட்டிருக்கும்!

நம் ஊரில்?

"அதெல்லாம் பணக்கார தேசத்துச் சமாசாரம். தமிழ் நாவலுக்கு ஏது எண்ணிட்ட பிரதி, ஏது ஊதா மை?" என்று கேட்பீர்கள். அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

தேசபக்தர் சத்தியமூர்த்தியின் புதல்வி லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி அறுபதுகளின் நடுவில் 'வாசகர் வட்டம்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். வாசகர்களை அங்கத்தினர்களாகச் சேர்த்துக்கொண்டு, நல்ல காகிதத்தில், நல்ல கட்டுமானத்தில் புத்தகம் போட்டார். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966-இல் அந்த வெளியீடாகத்தான் முதலில் வந்தது. அவரும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யும் அதே வெளியீடுதான். 1974-இல் தோன்றிய 'க்ரியா' பதிப்பகம் அச்சிலும் அட்டையிலும் காட்டிய அக்கறை பிரசித்தம். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-இல் அங்கேதான் வெளியாயிற்று. பழம் புத்தகக் கடையில் இவற்றின் முதற் பதிப்பு கண்ணில் பட்டால், விஷயம் தெரிந்தவர்கள் பேரம் பேசாமல் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு விடுவார்கள்.

நம் காலத்திலேயே கையொப்பத்துடன் கூடிய பதிப்புகளும் வந்திருக்கின்றன. ஜெயமோகன் மகாபாரதத்தைத் தழுவி 2014 முதல் 2020 வரை இணையத்தில் தினமும் ஓர் அத்தியாயமாக எழுதிய 'வெண்முரசு' 26 நாவல்களாக விரிந்தது. அவற்றில் பல, ஷண்முகவேலின் வண்ண ஓவியங்களுடன் கெட்டி அட்டைச் செம்பதிப்புகளாக வெளியாயின. முன்பதிவு செய்தவர்களுக்கு ஆசிரியரின் கையொப்பத்துடன் வந்தன. பாரிஸில் ஸில்வியா பீச் செய்த அதே காரியம்! ஆண்டுதோறும் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் எழுத்தாளர்கள் மேஜை போட்டு உட்கார்ந்து கையெழுத்திடுவதையும் பார்க்கிறீர்கள். 1977-இல் ஆரம்பித்த அந்தத் திருவிழாவில், இப்படிக் கையொப்பம் வாங்கிய பிரதிகள் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும்!

ஆனால் இவையெல்லாம் பிற்காலத்துக் கதை. தமிழ் நாவல் பிறந்து வளர்ந்த வீடு பத்திரிகை. இதை மறந்துவிட்டால் தமிழில் முதற் பதிப்பு எது என்ற கேள்விக்கே விடை கிடைக்காது.

ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893-இலிருந்து 'விவேக சிந்தாமணி'யில் தொடர்ந்து வந்தது, புத்தகமானது 1896-இல். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கி, தம்முடைய முதல் நாவல் 'வைதேகி'யை அதில்தான் வெளியிட்டார். அந்த அம்மாளுக்கு முதலில் சரளமாக எழுதவே வராது. வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக்கொடுத்தார். அப்படித் தொடங்கியவர் 115 நாவல்கள் எழுதி முடித்தார்! 'பொன்னியின் செல்வ'னைச் சொல்லவே வேண்டாம். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை, மூன்றரை வருஷத்துக்கு மேல், 'கல்கி'யில் வாராவாரம் வந்தது. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பத்திரிகையில் வந்தபோது அதற்குப் பெயரே வேறு: 'காலங்கள் மாறும்'.

ஆகவே, இந்தக் கதைகள் முதன்முதலில் எந்த உருவத்தில் ஜனங்களின் கைக்கு வந்தன? வாரப் பத்திரிகையின் உருவத்தில்தான். படம் போட்டு, 'தொடரும்' என்று முடித்து, அடுத்த வாரம் வரையில் தூக்கத்தைக் கெடுத்த அந்தத் தாள்கள்தாம் அசல் முதற் பதிப்பு. அவற்றைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தது யார்? பதிப்பாளரா? நூலகமா? உங்கள் பாட்டியும் அம்மாவும் அத்தையும்தான்!

இங்கிலாந்திலும் இதற்கு ஜோடி உண்டு. சார்லஸ் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836-37-இல் மாதா மாதம் ஒரு ஷில்லிங் விலையில் சிறு சிறு பகுதிகளாக வந்தது. பச்சை அட்டையும் விளம்பரத் தாள்களும் கலையாமல், அந்தப் பகுதிகள் முழுசாக இருந்தால் அதற்குத் தனி கௌரவம். பிற்பாடு வந்த அழகான புத்தகத்துக்கு அந்தக் கௌரவம் கிடையாது. டிக்கன்ஸின் பச்சை அட்டைக்கு அங்கே உள்ள மரியாதை, உங்கள் பரணில் இருக்கும் காலிகோக் கட்டுக்கு இங்கே இருக்க வேண்டாமா?

அயனம்பாக்கத்தில் ஓர் அலமாரி

அம்பத்தூருக்கும் வானகரத்துக்கும் நடுவே ஏரிக்கரையில் இருக்கிறது அயனம்பாக்கம். வயலும் தோட்டமுமாக இருந்த நிலத்தில் இப்போது அடுக்கு மாடி வீடுகள். அவற்றில் ஒன்றின் மூன்றாவது மாடியில், எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1964-இல் கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்தவர். கணவருக்கு அப்போதுதான் ஆரம்பமாகியிருந்த தொழிற்பேட்டையில் வேலை. பல காலம் சொந்த வீட்டில் இருந்துவிட்டு, மகன் குடும்பத்தோடு இங்கே குடிவந்திருக்கிறார்.

அவரிடம் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் இருக்கின்றன. அவருடைய தாயார் மன்னார்குடியில் சேர்த்தவை. கல்யாணச் சீரோடு சீராகப் பெண்ணுடன் வந்தவை.

"எங்க தெருவிலே அஞ்சு வீட்டுக்கு ஒரு பத்திரிகைம்மா" என்று சொல்ல ஆரம்பித்தார். "காசு பங்கு போட்டு வாங்குவாங்க. ஒரு வீட்டிலே ரெண்டு நாள்கூட இருக்காது, அடுத்த வீட்டுக்குப் போயிடும். கதையை யார் கிழிச்சு வெச்சுக்கிறதுன்னு சண்டை வந்துது. கடைசியா யார் படிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான்னு பெரியவங்க தீர்ப்பு சொல்லிட்டாங்க. எங்க அம்மா உடனே, 'நான் கடைசியாவே படிக்கிறேன்'னுட்டா!"

இதன் அர்த்தம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். வந்தியத்தேவன் சிக்கலில் மாட்டிக்கொண்டு 'தொடரும்' போட்டுவிட்டார்கள். மறு வாரம் நாலு வீட்டுப் பெண்களும் கிணற்றடியில் அதைப் பற்றியே பேசுகிறார்கள். இந்த அம்மாள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு உள்ளே ஓட வேண்டும். ஒரு வாரம் இரண்டு வாரம் அல்ல, மூன்றரை வருஷம்! கதையை வைத்துக்கொள்வதற்காகக் கதை கேட்கும் ஆவலை அடக்கிக்கொண்ட அந்த மனசை என்னவென்று சொல்வது?

இரண்டாம் பாகத்தைப் பிரித்துக் காட்டினார் பாட்டி. நடுவில் சில தாள்கள் அச்சுத் தாள்களாக இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாளை அளவாக நறுக்கி, நீலக் கறுப்பு மையில், குண்டு குண்டாக எழுதித் தைத்திருந்தது.

"அந்த வாரம் என் தம்பி பொறந்தான். அம்மா உள்ளே படுத்திருந்தா. பத்திரிகை வந்ததும் தெரியலே, போனதும் தெரியலே. தொலைஞ்சே போச்சு. அப்புறம் அடுத்த தெருவிலே ஒரு வீட்டிலேருந்து இரவல் வாங்கி, கைக்குழந்தையை மடியிலே போட்டுக்கிட்டு, அப்படியே பார்த்து எழுதினா."

பத்திரிகையில் படம் இருந்த இடத்தில் தாயார் ஒரு கட்டம் போட்டு, உள்ளே 'இங்கே படம்' என்று எழுதியிருக்கிறார்! பத்தி பிரிந்த இடத்தில் பத்தி பிரிந்திருக்கிறது. கடைசியில் 'தொடரும்' என்பதையும் விட்டுவிடவில்லை.

இந்தக் கட்டும் போயிருக்க வேண்டியதுதான். வீடு மாறும்போது பேரன், "அதான் புது செட் வாங்கியிருக்கேனே பாட்டி, இது எதுக்கு? பூச்சிதான் வரும்" என்றானாம். 2022-இல் படம் வந்த சூட்டில் அவன் வாங்கிய ஐந்து பாகங்கள் அலமாரியில் பளபளவென்று நிற்கின்றன. பாட்டி வாயைத் திறக்கவில்லை. "அது என் அத்தையோட அம்மா சீர். நகையை எடைக்குப் போடுவியா?" என்று மகனைக் கேட்டவர் மருமகள்தான். நோட்டுத் தாள்களை அவனிடம் கொடுத்து, புதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாராம். அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்த பையன், கட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் டிரைவர் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

எல்லாம் இப்படிச் சுபமாக முடியவில்லை. அதே தாயார் சேர்த்த 'தில்லானா மோகனாம்பாள்', கொத்தமங்கலம் சுப்புவின் கதை, 'ஆனந்த விகட'னில் வந்தபோது கோபுலு வரைந்த படங்களோடு ஒரு கட்டாக இருந்ததாம். பல வருஷங்களுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, யாரோ பழைய பேப்பரோடு பேப்பராக அதை எடைக்குப் போட்டுவிட்டார்கள். "யார் போட்டதுன்னு நான் கேக்கவே இல்லே. கேட்டா மட்டும் வரப்போறதா?" என்றார் பாட்டி. சொல்லிவிட்டு, பாகங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி வைக்க ஆரம்பித்தார்.

கூப்பிடு தூரத்தில் ஒரு பொக்கிஷம்

பழம் காகிதத்தைச் சேர்த்துவைத்து என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்கு, அயனம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊரான முகப்பேரிலேயே ஒரு காலத்தில் பதில் இருந்தது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 'ரோஜா' என்பது தொழிலுக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர். பழம் புத்தகக் கடைகளிலும் வீடுகளிலும் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். நாவல், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, எல்லாம்! ஊர் சிரித்திருக்கும். 1992-இல் அவர் காலமானபோது, சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994-இல் அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக் கழகம் அதை விலைக்கு வாங்கியது. வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை என்பதுதான் நல்ல செய்தி. தமிழ்ச் சொத்து தமிழ் மண்ணிலேயே இருக்கட்டும் என்று முகப்பேரில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இப்போது அது தரமணியில் இயங்குகிறது. எங்கெங்கிருந்தோ வரும் அறிஞர்கள் அங்கே கைகட்டி உட்கார்ந்து படிப்பது, ஒரு காலத்தில் யாரோ குப்பை என்று கருதிய அதே காகிதங்களைத்தான்.

போனது போனதுதான் என்பதற்கும் உதாரணம் உண்டு. அம்பத்தூர், ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் வந்து இறங்கும் புறநகர் நிலையத்துக்கு 'மூர் மார்க்கெட் வளாகம்' என்று பெயர். அந்த இடத்தில்தான் 1985 மே மாதம் வரையில் மூர் மார்க்கெட் இருந்தது. பழம் புத்தகக் கடைகள் வரிசையாக இருந்த இடம். ஒரே இரவுத் தீயில் அத்தனையும் சாம்பல்! வீட்டுக்கு வீடு நாலு கட்டு பத்திரமாக இருந்தால், அப்படி ஒரு தீயால் எல்லாவற்றையும் அழித்துவிட முடியாது அல்லவா?

எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்களிடம் இருப்பது முதலில் வந்த தொடர்தானா என்று பார்க்க வேண்டும். 'பொன்னியின் செல்வன்' கல்கியிலேயே மறுபடியும் மறுபடியும் வெளியாயிற்று. முதல் தடவை படம் போட்டவர் மணியம். அவர் 1968-இல் காலமானார். பிற்பாடு வினு வரைந்தார், பத்மவாசனும் வரைந்தார். ஆகவே படத்தின் ஓரத்தில் இருக்கும் கையெழுத்தைப் பாருங்கள். கதையின் வயது தெரிந்துவிடும். பக்கத்தின் மேலோ கீழோ தேதி இருக்கும். சில பைண்டர்கள் ஓரத்தை ஒட்ட நறுக்கித் தேதியையும் சேர்த்து நறுக்கிவிடுவார்கள். அப்படியானால் கதைப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். விளம்பரமோ, சினிமாச் செய்தியோ காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

புத்தகமாக இருந்தால், தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'முதற் பதிப்பு' என்று போட்டிருந்தாலும் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். பதிப்பகம் மாறும்போது, புதிய பதிப்பகத்தார் தங்களுடைய முதல் அச்சையும் 'முதற் பதிப்பு' என்றே போடுவது உண்டு. முன்னுரையின் அடியில் உள்ள தேதியையும் புத்தகத்தின் விலையையும் சேர்த்துப் பாருங்கள். 1960-இல் வந்த நாவல் நூற்றைம்பது ரூபாயாக இருக்க முடியுமா?

கையொப்பம் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆசிரியரிடம் தேதியும் ஊரும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் எழுதச் சொல்லலாமா? விற்கிற எண்ணம் உள்ள வியாபாரி, வெறும் கையொப்பத்தைத்தான் விரும்புவார். நீங்கள் விற்கவா போகிறீர்கள்? "சௌபாக்கியவதி இன்னாருக்கு அன்புடன்" என்று இருக்கட்டுமே! பேத்தி அதைத்தான் தடவித் தடவிப் பார்ப்பாள்.

பாதுகாப்பது எப்படி?

பத்திரிகைக் காகிதம் மரக்கூழிலிருந்து வருவது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறி அப்பளம்போல் நொறுங்கும். எனவே வெயில் படாத இடம் வேண்டும். பரணைவிட, வீட்டின் உட்சுவரை ஒட்டிய அலமாரி உத்தமம். வெளிச்சுவர் மழைக்காலத்தில் ஓதம் காக்கும். ஏரிக்கரை வீடுகளில் சொல்லவே வேண்டாம். கட்டுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் விடுங்கள். அடித்தட்டில் வைக்காதீர்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தை அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் டேப் உதிர்ந்து, பழுப்புக் கறை மட்டும் நிற்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றுங்கள். நம் பெரியவர்கள் வைத்த வேப்பிலை, வசம்பு, நொச்சி இப்போதும் வைக்கலாம். நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், காகிதத்தின்மேல் நேரே படக்கூடாது. ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் அமைதியும் ரொம்பப் பிடிக்கும். ஆகவே மாதம் ஒரு முறை எடுத்துப் புரட்டுங்கள். படிக்கிற புத்தகத்துக்குப் பூச்சி பயப்படும்! புதிதாக பைண்டு செய்யக் கொடுத்தால், ஓரத்தை நறுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பசையில் மயில்துத்தம் சேர்க்கிற பழைய பைண்டர் அகப்பட்டால் விடாதீர்கள்.

வீட்டில் இடமே இல்லையா? வைத்துக்கொள்ள ஆள் இல்லையா? அப்போதும் எடைக்குப் போட வேண்டாம். ஆராய்ச்சி நூலகங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் நிதானமாகப் படம் பிடித்து வைப்பதும் ஒரு வழிதான். வெளிச்சம் ஒரே சீராக விழும் ஜன்னலோரத்தில், காலை வேளையில் பிடியுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. கட்டின் முதல் தாளில் பென்சிலால் மூன்று வரி எழுதி வையுங்கள்: யார் சேர்த்தது, எந்த ஊரில், எந்த வருஷம். மையால் வேண்டாம், ஊறிவிடும், பென்சில் போதும். ஜாய்ஸின் நூறு பிரதிகளுக்கு எண் இருக்கிறது. வர்ஜினியா வுல்ஃபின் 861 பிரதிகளுக்கு ஊதா மை இருக்கிறது. மூன்றரை வருஷம் எல்லோருக்கும் கடைசியாகக் கதை படித்த மன்னார்குடி அம்மாள், அத்தனை பாகங்களில் ஓரிடத்திலும் தம் பெயரை எழுதவில்லை. நாம் போயிருந்த அன்று, அவருடைய எண்பது வயதுப் பெண் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முதல் பாகத்தின் முதல் தாளில் அதை எழுதினார். உங்கள் வீட்டுக் கட்டில் யாருடைய பெயர் எழுத வேண்டும் என்று, சொல்லக்கூடியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.